உடைசலில் வளர்ந்த தம்பி

தெருவில் எல்லோருக்கும் அவள் பிஸ்கட் அக்காதான். பால் போடுகிறவர் முதல் மூன்றாம் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் பிஸ்கட் கம்பெனியில் சேர்ந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அப்பா கட்டட வேலையில் சாரம் சரிந்து போய்ச் சேர்ந்திருந்தார். அம்மா அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சலில் போனாள். மிச்சம் இருந்தது வாடகைக்கு ஒரு அறை, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், பன்னிரண்டு வயதில் ஒரு தம்பி.

துக்கம் விசாரிக்க வந்த சித்தப்பா, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பையனை என்கிட்ட விட்டுடு. கடையில ஒத்தாசையா இருப்பான். நீயும் ஒரு நல்ல இடத்துல போய்ச் சேரலாம்."

"அவன் படிக்கணும் சித்தப்பா."

"அதான், படிச்சு?"

"படிச்சுட்டுப் போறான்."

சித்தப்பா அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

கம்பெனியில் அவளுக்குப் பேக்கிங் பிரிவு. அடுப்பு என்றால் வீட்டு அடுப்பு மாதிரி இல்லை; ஒரு தெரு நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் இரும்புப் பெட்டி. அதன் ஒரு வாயில் மாவு போகும், மறுவாயில் பிஸ்கட் வரும். ஓடும் பட்டையின் இரண்டு பக்கமும் பெண்கள் தலையில் தொப்பியும் கையில் உறையுமாக நின்றுகொண்டு, உடைந்ததையும் கருகினதையும் கோணிக்கொண்டதையும் பொறுக்கி நீலத் தொட்டியில் போட வேண்டும். நல்லது கடைக்குப் போகும். தொட்டியில் விழுந்தது உடைசல். சனிக்கிழமை வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு பை உடைசலை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். சம்பளத்தை விட அந்தப் பையைத்தான் பெண்கள் பெருமையாகத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

அவள் எடுத்து வந்த பையைத் தம்பி முதல் தடவை பிரித்த நாளை அவள் மறந்ததே இல்லை. அம்மா போனதிலிருந்து பேச்சே குறைந்து போயிருந்த பையன், இரண்டு கையாலும் அள்ளி முகர்ந்து பார்த்து, "இதெல்லாம் நமக்கா?" என்று கேட்டான்.

"உனக்குத்தான்டா. எல்லாம் உனக்குத்தான்."

காலை ஷிஃப்ட் என்றால் அவன் எழுந்திருப்பதற்குள் அவள் கிளம்பியிருப்பாள். மாலை ஷிஃப்ட் என்றால் அவள் வருவதற்குள் அவன் தூங்கியிருப்பான். நடுவில் பசி என்ற ஒன்றை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே. டின்னில் இருந்த உடைசல் பார்த்துக்கொண்டது. காலையில் டீயில் நனைத்து ஒரு தட்டு, பள்ளிக்குப் போகும்போது இரண்டு பாக்கெட்டிலும் கொஞ்சம், திரும்பி வந்ததும் ஒரு தட்டு. கிரீம் பிஸ்கட் ஓடும் மாதங்களில், இயந்திரத்தில் வழிந்த கிரீமையும் ஒரு டப்பாவில் சுரண்டிக்கொண்டு வருவாள். அதை அவன் கரண்டியால் தின்பான். பிறகு கம்பெனியில் உருளைக்கிழங்கு வறுவல் போட ஆரம்பித்தார்கள். அதிலும் மடங்கினது, உப்பு அதிகமானது எல்லாம் வீட்டுக்கு வந்தது.

ஓய்வு நாளில் அவள் சோறு வடித்து, பருப்பும் காயும் சமைத்து வைப்பாள். அவன் நாலு வாய் அளைந்துவிட்டுத் தட்டைத் தள்ளுவான். "வயிறு ரொம்பிடுச்சுக்கா." அவள் வற்புறுத்த மாட்டாள். வயிறு ரொம்பிவிட்டது என்று ஒரு பிள்ளை சொல்வதைக் கேட்க எத்தனை வீடு ஏங்குகிறது என்று நினைத்துக்கொண்டு, அவன் மிச்சம் வைத்ததைத் தான் சாப்பிடுவாள். அவளால் பிஸ்கட்டை வாயில் வைக்க முடியாது. நாள் முழுக்க அந்தச் சூட்டு நெய் வாடையில் நின்றவளுக்கு, பையைத் திறந்தாலே குமட்டும்.

தம்பிக்குக் கன்னம் வந்தது, தோள் வந்தது, சட்டைப் பொத்தான்கள் திணறின. "தாயில்லாப் பிள்ளை மாதிரியா இருக்கான்? நல்லா வளர்த்திருக்க" என்று தெருவே சொன்னது. அந்த வார்த்தைக்காக அவள் இன்னும் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துக்கூட நின்றிருப்பாள்.

ஒரே ஒரு ஆள்தான் மாற்றிப் பேசினார். பள்ளியில் விளையாட்டு வாத்தியார் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மைதானத்தை ஒரு சுத்து சுத்தினா உங்க தம்பிக்கு மூச்சு வாங்குது. வீட்ல என்ன சாப்பிடறான்?"

"இருக்கறதைச் சாப்பிடறான் சார்."

"பையில எப்பப் பார்த்தாலும் பிஸ்கட்டும் வறுவலுமா இருக்கு. இது வளர்ற வயசும்மா. காய், பழம், பருப்பு, முட்டை இப்படிக் கொடுங்க."

அவள் இரவு முழுக்க நின்றுவிட்டு நேராக வந்திருந்தாள். கால் கடுத்தது. "சரி சார். அதைச் சமைச்சுப் போட ஒரு ஆளையும் நீங்களே சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் கொதித்தது. அவர் வீட்டில் சமைத்து வைக்க ஒருத்தி இருப்பாள். அவர் வாய்க்கு என்ன, பேசும்.

கம்பெனியிலேயே அடுப்பு மெக்கானிக் ஒருவன் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டான். அவன் நல்லவன்தான். அவன் அம்மாதான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: பையனை ஹாஸ்டலில் சேர்த்துவிட வேண்டும். அவள் இரண்டு நாள் யோசிக்கக்கூட இல்லை. மெக்கானிக், அவளுக்கு எதிர்வரிசையில் நின்று பொறுக்கிக்கொண்டிருந்த பெண்ணையே கட்டிக்கொண்டான். பட்டைக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணும் இந்தப் பக்கம் இவளுமாக, வருஷக்கணக்கில் ஒரே பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தம்பி படித்தான், ரொம்பப் பெரிதாக இல்லை. பஸ் டிரைவர் ஆனான். சீருடையில் அவனை முதன்முதலாகப் பார்த்த அன்று அவள் அவனுடைய பஸ்ஸிலேயே கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்த்த ஒரு பெண்ணை அவனே பார்த்துச் சொன்னான். அக்கா முன்நின்று கல்யாணம் செய்து வைத்தாள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவர்கள் டிப்போவுக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். அவள் பழைய அறையிலேயே இருந்துகொண்டு, ஓய்வு நாட்களில் போய் வந்தாள். வாழ்க்கையில் எடுத்த காரியத்தை முடித்துவிட்டோம் என்ற நிம்மதி அவள் நடையிலேயே தெரிந்தது.

தம்பிக்கு முப்பத்தெட்டு வயதில் அது வந்தது. கூட்டமான பஸ். சந்தை நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் இடது கை மரத்துப்போய், சட்டை முழுக்க வியர்த்தது. ஆனாலும் பஸ்ஸை ஓரம் கட்டி, கை பிரேக் போட்டு, கதவைத் திறந்துவிட்ட பிறகுதான் ஸ்டீரிங் மேல் சாய்ந்தான். பயணிகளே தூக்கிக்கொண்டு போனார்கள். பேப்பரில்கூட நாலு வரி வந்தது, பயணிகளைக் காப்பாற்றிய டிரைவர் என்று.

ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் சின்ன வயதுப் பெண். அவனுடைய மனைவியையும் அக்காவையும் உட்காரவைத்து, ஒரு தாளில் இதயத்தை வரைந்து காட்டினார்.

"மூணு குழாய்லயும் அடைப்பு. நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்யணும். இந்த வயசுக்கு இது ஜாஸ்தி. இவ்வளவு படிஞ்சிருக்குன்னா இன்னைக்கு நேத்து ஆரம்பிச்சதில்ல. சின்ன வயசுல, ஒரு பதிமூணு பதினாலு வயசுல, என்ன மாதிரி சாப்பிட்டாரு?"

தம்பி மனைவி அக்காவைப் பார்த்தாள். அக்காவுக்கு மறைக்க என்ன இருந்தது? "பிஸ்கட்தான் டாக்டர். நான் பிஸ்கட் கம்பெனில இருக்கேன். அப்புறம் வறுவல்."

"தினமுமா?"

"தினமும்தான்."

டாக்டர் தலையாட்டினார். "அந்த வயசுலயே குழாய்ச் சுவர்ல கொழுப்பு கோடு கோடா படிய ஆரம்பிச்சிடும்மா. வெளியில ஒண்ணும் தெரியாது, பையன் நல்லாத்தான் இருப்பான். ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் அது வேலையைக் காட்டும். அந்த வயசுல பழகின நாக்கும் மாறாது. அதுக்காக அது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். சிகரெட் பிடிச்சிருக்காரு, நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை, தூக்கம் கிடையாது, குடும்ப வாகும் இருக்கலாம். எல்லாம் சேர்ந்துதான்."

டாக்டர் சொன்னதில் ஆளுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு அந்த அறையை விட்டு வெளியே வந்தார்கள். நடைபாதையில் தம்பி மனைவி முன்னால் நடந்தாள். அக்கா அவள் தோளைத் தொடப் போனாள். அவள் நகர்ந்துகொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்தபோது தம்பி பாதியாகியிருந்தான். இருமல் வரும்போதெல்லாம் நெஞ்சுத் தையல் பிரிந்துவிடாமல் ஒரு தலையணையை இறுக்கிக் கட்டிக்கொள்வான். அக்கா லீவு போட்டுவிட்டு வந்தாள். உப்பில்லாமல் கஞ்சி வைக்கலாம் என்று அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை எடுத்தாள். தம்பி மனைவி அவள் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் அண்ணி. செஞ்ச வரைக்கும் போதும்."

"என்னம்மா சொல்ற?"

"டாக்டர் சொன்னப்ப நீங்களும்தானே உட்கார்ந்திருந்தீங்க."

"சிகரெட்டுன்னும்தான் சொன்னாங்க."

"சிகரெட்டு டிப்போல சேர்ந்த அப்புறம் வந்தது. அதுக்கு முன்னாடியே உள்ள படிஞ்சு கிடந்திருக்கு. ஒரு வேளை, ரெண்டு வேளையா? வருஷக்கணக்குல குப்பையைப் போட்டு ரொப்பியிருக்கீங்க. கம்பெனியே வேணாம்னு கழிச்சுக் கட்டினதை."

வாய் வார்த்தை கத்தி மாதிரி இறங்கும் என்பார்கள். அவளுக்கு அப்படி இருக்கவில்லை. காது அடைத்துக்கொண்ட மாதிரிதான் இருந்தது. நிதானமாகக் கேட்டாள்: "அன்னைக்கு அதையும் போடலைன்னா, வேற என்னத்தைப் போட்டிருப்பேன்? சொல்லு, தெரிஞ்சுக்கறேன்."

"எனக்கென்ன தெரியும். நான் அப்ப இல்லையே."

"அதான். நீ அப்ப இல்ல."

இரண்டு பேரும் பேசியது அடுத்த அறையில் படுத்திருந்தவனுக்குக் கேட்காமல் இருக்க, சுவர் ஒன்றும் கோட்டைச் சுவர் இல்லை. அக்கா வாசற்படியில் போய் நின்றாள். அவன் ஒரு வார்த்தை சொல்லுவான் என்று எதிர்பார்த்தாள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். 'சும்மா இரு, அக்கா இல்லைன்னா நான் இல்ல' என்று ஒரு அதட்டல் போதும்.

தம்பி தலையணையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியபடியே மனைவியிடம் சொன்னான்: "விடு. அக்காவுக்கு என்ன தெரியும் பாவம். தெரியாமப் பண்ணினது. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல."

அவன் அவளை மன்னித்துவிட்டான். தம்பி பெண்டாட்டி திட்டியதையாவது மருந்துக் கடைக்காரி, பயந்துபோய்ப் பேசுகிறாள் என்று தள்ளியிருக்கலாம். இந்த மன்னிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவள் உள்ளே போகாமலேயே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மாடிப்படி இறங்கும்போதுதான் விளையாட்டு வாத்தியார் நினைவு வந்தது. அத்தனை வருஷத்தில் ஒரு நாளும் வராத முகம், அன்றைக்கென்று பார்த்து வந்து நின்றது. தெரியாமல் செய்தது என்று அவன் சொன்னதுகூட முழு உண்மை இல்லை. ஒருத்தர் சொல்லியிருந்தார். ஆனால் சொன்னவரும் சமைக்க ஆளை அனுப்பவில்லையே என்று அவள் அந்த முகத்தோடு மல்லுக்கு நின்றாள். அன்றிலிருந்து பல நாள் பஸ்ஸிலும் பட்டை ஓரத்திலும் அதே வழக்கு அவளுக்குள் நடந்துகொண்டிருந்தது. தீர்ப்பு மட்டும் வரவே இல்லை.

தம்பியை இனிமேல் பஸ் ஓட்ட விட மாட்டோம் என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள். வண்டி வருகிற, போகிற நேரத்தைக் குறிக்கும் அறையில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். நேற்று வரை கூட ஓட்டினவர்கள் ஜன்னல் வழியாக எட்டி, "என்ன சார், சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்த 'சார்' அவனை அரித்தது. அரித்ததை அவன் சிரிப்பாக மாற்றிக்கொண்டான்.

அக்காவே ஒரு நாள் அதைக் கேட்கும்படி ஆயிற்று. மாத்திரை வாங்கிக்கொடுத்துவிட்டுப் போகலாம் என்று டிப்போவுக்குப் போயிருந்தாள். அறைக்கு வெளியே நின்றபோது உள்ளே யாரோ ஒரு டிரைவர் கேட்பது காதில் விழுந்தது. "இந்த வயசுல எப்படிப்பா உனக்கு?"

"எங்க அக்கா கைவண்ணம்" என்றான் தம்பி. "பிஸ்கட்டைப் போட்டே நெஞ்சை அடைச்சு வெச்சுட்டாங்க. மாவு, சர்க்கரை, நெய். சிமென்ட் கலவை மாதிரி, அசையவே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு. அவள் மாத்திரையை வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். சிரிப்பு வரவழைக்க அவனுக்கு அவள்தான் கிடைத்தாள். சிகரெட்டைச் சொல்லியிருக்கலாம், சிகரெட் நீட்டினவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்குள் கம்பெனியிலும் வழக்கம் மாறியிருந்தது. உடைசலை வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது; மொத்தமாகக் குத்தகை விட்டுவிட்டார்கள். மூட்டை ஏற்ற வரும் வண்டிக்காரரிடம் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் கேட்டார்கள், இது எங்கேதான் போகிறது என்று.

"பன்றிப் பண்ணைக்கு" என்றார் அவர். "ஆனா அளவாத்தான் கலக்கணும். தவிடு, தழை எல்லாம் போட்டு இதுல ரெண்டு பிடி. இதையே போட்டா சரசரன்னு கொழுத்து, விக்கறதுக்கு முன்னாடியே பொட்டுன்னு போயிடும்."

பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "நாம எத்தனை வருஷம் தின்னோம்டி." மெக்கானிக்கின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கும் இரண்டு பையன்கள் இருந்தார்கள், இரண்டு பேரும் அதே பையைப் பிரித்து வளர்ந்தவர்கள். அவள் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அந்த இரண்டு பேரும் நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டது அபூர்வம். மணி அடித்ததும் உறையை மாட்டிக்கொண்டார்கள்.

தம்பி மகளுக்குப் பதிமூன்று நடந்துகொண்டிருந்தது. பிறந்த நாளுக்குத் துணி எடுத்துக்கொண்டு அக்கா போனாள். பெரியவர்கள் இருவரும் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. பெண் பள்ளியிலிருந்து வந்த சீருடையோடு சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு பெரிய வறுவல் பாக்கெட். பக்கத்தில் கலர் பாட்டில். இரண்டு பாக்கெட் தரையில் காலியாகக் கிடந்தன. ஒன்று அக்காவின் கம்பெனி பாக்கெட்டேதான்; ஓரத்து ஒட்டலைப் பார்த்தே அவளுக்குத் தெரியும். மேஜையில் மூடி வைத்த சோறும் காயும் ஆறிப்போயிருந்தன.

"சாப்பிடலையா கண்ணு?"

"வயிறு ஃபுல் அத்தை."

தம்பி மனைவி வந்ததும் அக்கா அந்தப் பாக்கெட்டைக் காட்டினாள். "இது யாரு போட்டது?"

"எது?"

"இதுதான். நான் போடல. நான் இங்க வந்தே மாசம் நாலாச்சு."

தம்பி மனைவியின் முகம் சிவந்தது. "நாள் முழுக்க நின்னுட்டு வர்றேன். சமைச்சு வெச்சுட்டுத்தான் போறேன். அவ தொட மாட்டேங்கறா. எப்பவோ ஒரு நாள் வாங்கித் தர்றோம். அதுவும் உங்க தம்பிதான் வாங்கிட்டு வர்றாரு."

"நானும் நின்னுட்டுத்தான் வந்தேன்."

"அண்ணி, அதையும் இதையும் முடிச்சுப் போடாதீங்க."

"முடிச்சு நான் போடலம்மா. நீதான் போட்ட. டாக்டர் பதிமூணு வயசுன்னு சொன்னது அவனுக்கு மட்டுமா? இவளுக்கு எத்தனை வயசு?"

அந்தப் பெண் போனிலிருந்து தலையைத் தூக்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தம்பி மனைவி அவளை உள்ளே போகச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "எங்க பிள்ளையை நாங்க பார்த்துக்கறோம். நீங்க ஒருத்தரை வளர்த்தது போதும்."

அக்கா துணிப்பையை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று தெருமுனை வரைதான் தோன்றியது. அதற்கப்புறம் அந்தப் பெண்ணின் கன்னம்தான் கண்ணில் நின்றது. அந்தக் குழந்தையை வைத்துத் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டோமே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. அந்தப் பெண்ணுக்காகப் போய் ஒரு வார்த்தை நல்லவிதமாகச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களோ என்னவோ. இனிமேல் அவள் எதைச் சொன்னாலும் பழிவாங்குவதாகத்தான் படும். விளையாட்டு வாத்தியார் அன்று எந்தப் பகையும் இல்லாத வெளி ஆளாக நின்று சொன்னதையே அவள் கேட்கவில்லை.

அதற்கப்புறம் போக்குவரத்து நின்றுபோனது. தம்பி மட்டும் எப்போதாவது போன் செய்வான், தண்ணீர் வருகிறதா, மழை பெய்கிறதா என்று. அவள் கம்பெனியிலிருந்து வயதாவதற்கு முன்பே விருப்ப ஓய்வு பெற்றாள். இரண்டு வருஷம் போனது.

ஒரு நாள் அவன் போன் செய்து, பரிசோதனைக்குப் போக வேண்டும், மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை, தனியாகப் போகக் கூடாது என்கிறார்கள், வருகிறாயா என்று கேட்டான். அவள் போனாள். ஆஸ்பத்திரியில் வரிசை வரிசையாக இரும்பு நாற்காலிகள். அவன் தலை நரைத்து அவளை விட மூத்தவன் மாதிரி இருந்தான். இருவரும் டோக்கன் எண் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பா எப்படி இருக்கா?"

"இருக்கா. குண்டாயிட்டா. சொன்னாக் கேக்க மாட்டேங்கறா." டோக்கன் பலகையைப் பார்த்தபடியே, "கோவமாக்கா?" என்றான்.

"ஆமா."

அவன் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. கையிலிருந்த ரிப்போர்ட்டைச் சுருட்டினான், பிரித்தான். "அப்பா அம்மா போன அப்புறம், பசின்னு நான் ஒரு நாளும் படுத்ததில்ல. அது எனக்குத் தெரியும்."

அந்த வார்த்தைக்காகத்தான் அவள் அன்றைக்கு வாசற்படியில் நின்றாள். இப்போது வருகிறது, முன்பின் தெரியாத நோயாளிகளுக்கு நடுவில், அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"இதை உன் பொண்டாட்டி முன்னாடி சொல்லு" என்றாள். "டிப்போல உன்கூடச் சிரிச்சாங்களே, அவங்க முன்னாடி சொல்லு."

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். டிப்போவில் அவள் நின்றது அவனுக்கு அதுவரை தெரியாது. வாயைத் திறந்தான். அதற்குள் அவன் எண் வந்துவிட்டது. எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனான். திரும்பி வந்தபோது ரத்த அழுத்தம் பரவாயில்லை என்றும், நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொன்னான். வேறொன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவனைப் பஸ் ஏற்றிவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றாள்.

அடுத்த பரிசோதனைக்கு அவன் கூப்பிட்டபோது, முழங்கால் வலிக்கிறது, வர முடியாது என்று சொல்லிவிட்டாள். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது.